டிரெஸ்டன் பீங்கான் அருங்காட்சியகம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களை டிரெஸ்டனுக்கு அழைத்துப் போகும் வேலை எனக்கே வந்து சேர்கிறது. அங்கே ஸ்விங்கர் அரண்மனை வளாகத்தில் பீங்கான் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சுமார் 20,000 பொருள்கள் கொண்ட சேகரிப்பு. உள்ளே நுழைந்ததும் சிலர் "தட்டும் கோப்பையும்தானே" என்று வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு முக்கியமாக, சாக்ஸனியிலேயே உள்ள மைசன் ஊரின் பீங்கான் ஆலையில் 18-ஆம் நூற்றாண்டில் செய்த விருந்துப் பாத்திரங்களைப் பற்றியது.

இதுல யாராவது நிஜமாவே சாப்பிட்டாங்களா, இல்ல அலமாரியில வைக்கத்தான் செஞ்சதா?

இரண்டும் உண்டு. புழங்கிய தட்டு என்றால் நடுப்பகுதியில் கத்தி கீறிய மெல்லிய கோடுகள் இருக்கும், விளிம்புத் தங்கம் தேய்ந்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் குனிந்து பக்கவாட்டிலிருந்து, விளக்கு வெளிச்சம் தட்டின் மேல் சாய்ந்து விழும் கோணத்தில் பாருங்கள்.

அரசவை விருந்தில் வெகுகாலம் வெள்ளிப் பாத்திரத்துக்குத்தான் முதல் மரியாதை. பீங்கான் முதலில் தேநீர், காபி, சாக்லேட் குடிக்கவும், விருந்தின் கடைசிச் சுற்றான இனிப்புக்கும்தான் வந்தது. முழு விருந்துக்கும் ஒரே அலங்காரத்தில் பீங்கான் செட் என்பது 1730களில்தான் சூடு பிடித்தது.

அந்தக்கால விருந்து முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொன்றாகப் பரிமாறுவது போல அல்ல. ஒரு சுற்றுக்கான எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில், இடமும் வலமும் ஒத்துப்போகும்படி மேசையில் பரப்பிவிடுவார்கள். விருந்தினர் முதலில் பார்ப்பது அந்த மேசையைத்தான். மூடி போட்ட சூப் பாத்திரம் ஏன் சிற்பம் மாதிரி உயர்ந்து நிற்கிறது என்பது இப்போது புரியும். இனிப்பு மேசையில் முன்பெல்லாம் சர்க்கரையில் செய்த பொம்மைகளை நிறுத்துவார்கள். அந்த இடத்துக்கு வந்தவைதான் கண்ணாடிப் பெட்டிகளில் நீங்கள் பார்க்கும் சின்னச் சின்ன பீங்கான் உருவங்கள்.

பீங்கான், செராமிக், மண்பாண்டம் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. களிமண்ணைச் சுட்டுச் செய்யும் எல்லாமே செராமிக். வீட்டு மண்சட்டியும் அதில் அடக்கம். பீங்கானுக்குக் கயோலின் என்ற வெண்களிமண் வேண்டும். அதோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்களையும் அரைத்துக் கலந்து சுமார் 1400 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்ற துகள்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பாத்திரத்தின் உடம்பே வெள்ளையாக இருக்கும், தண்ணீர் ஊறாது, மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும்.

ஐரோப்பாவில் அதற்கு முன் இருந்தது, பழுப்பு மண்ணில் செய்து மேலே வெள்ளீயம் கலந்த வெண்ணிறப் பூச்சு கொடுத்த பாத்திரம். ஹாலந்தின் டெல்ஃப்ட் தட்டுகள் அந்த வகை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவோம். விளிம்பு சிதைந்த இடத்தில் மண் நிறம் தெரிந்தால் அது பீங்கான் இல்லை.

சீனாக்காரங்க ஆயிரம் வருஷமா செஞ்சதை இவங்களால ஏன் செய்ய முடியல?

எந்த மண் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவர்களுடைய சூளைகள் அந்தச் சூட்டுக்கு ஏறவில்லை. வெளிச்சம் ஊடுருவுகிறதே, கண்ணாடிதான் கலந்திருக்கும் என்று பலர் அந்த வழியில் போய்ப் பார்த்தார்கள். 1575 வாக்கில் புளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தினர் செய்ததும் அப்படிப்பட்ட மென்பீங்கான்தான். அழகாக இருந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

சீனாவிலிருந்து யாரோ ரகசியத்தைக் கடத்தி வந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஜிங்டெஷென் நகரச் சூளைகளைப் பார்த்து பிரெஞ்சுப் பாதிரியார் தந்த்ரகோல் விவரமாகக் கடிதம் எழுதியது உண்மை. ஆனால் முதல் கடிதம் 1712-ல் எழுதியது. சாக்ஸனியில் அதற்குள் ஆலையே தொடங்கிவிட்டது.

கண்டுபிடிச்சவர் தங்கம் செய்றேன்னு ஏமாத்தினவராமே?

ஆமாம், யோகான் ஃபிரீட்ரிஷ் பொட்கர். பெர்லினில் மருந்துக்கடையில் தொழில் பழகிய பையன். மலிவான உலோகத்தைத் தங்கமாக்கத் தெரியும் என்று பேர் கிளம்பிவிட்டது. பிரஷ்ய அரசர் பிடிக்கப் பார்க்கிறார் என்று தெரிந்து 1701-ல் சாக்ஸனிக்கு ஓடிவந்தார். இங்கே இருந்தவர் பலசாலி என்று பட்டம் பெற்ற அகஸ்டஸ். சாக்ஸனியின் ஆட்சியாளர், போலந்துக்கும் அரசர், எப்போதும் பணத்தட்டுப்பாடு. அவர் பொட்கரைப் பிடித்துக் காவலில் வைத்து "தங்கம் செய்" என்றார். தப்பியோடிய பொட்கரை மறுபடி பிடித்து வந்தார்கள். தங்கம் மட்டும் வரவே இல்லை.

அவரைப் பீங்கான் பக்கம் திருப்பியவர் ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிவியலாளர். பெரிய குவிலென்ஸ்களால் சூரிய ஒளியைக் குவித்து எந்த மண் எந்தச் சூட்டில் உருகுகிறது என்று வருஷக்கணக்காகச் சோதித்தவர். 1708 ஜனவரி 15 தேதியிட்ட ஒரு சோதனைக் குறிப்பு இன்றும் இருக்கிறது. கயோலினும் அலபாஸ்டர் என்ற வெள்ளைக் கல்லும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த சில கலவைகளுக்கு எதிரே "வெள்ளை, ஒளி ஊடுருவுகிறது" என்று பொட்கர் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் ஷிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். பெயர் முழுவதும் பொட்கருக்குப் போனது. யாருக்குச் சேர வேண்டும் என்று ஜெர்மனியில் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இருவரில் ஒருவர் இல்லாமலும் அது நடந்திருக்காது.

1710-ல் ஆலையை எல்பே நதிக்கரையில் மைசன் ஊரின் ஆல்பிரெஷ்ட்ஸ்புர்க் கோட்டைக்குள் வைத்தார்கள். காவல் வைக்க வசதி, ரகசியமும் வெளியே போகாது. பொட்கருக்கு விடுதலை 1714-ல் கிடைத்தது, 1719-ல் 37 வயதில் காலமானார். அவருடைய செம்பழுப்பு நிறக் கல்பாண்டங்கள், அதாவது கல் போல இறுகச் சுட்ட களிமண் பாத்திரங்கள், கூடத்தில் உண்டு. கல்லைப் பட்டை தீட்டியது போல் பளபளப்பாக்கியவை. வெள்ளைத் தட்டுகளைத் தேடி ஓடும் அவசரத்தில் பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ராஜா ஒருத்தர் பட்டாளத்தைக் கொடுத்துட்டு ஜாடி வாங்கினாராமே, கட்டுக்கதையா?

கதை இல்லை, நடந்தது. 1717-ல் அகஸ்டஸ் 600 குதிரைப்படை வீரர்களை பிரஷ்ய அரசர் பிரெடரிக் வில்லியமிடம் ஒப்படைத்து, பதிலுக்கு 151 பீங்கான் பொருள்களை வாங்கிக்கொண்டார். ஆட்கள் மட்டும்தான் போனார்கள், குதிரைகள் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் உள்ள, சுமார் ஒரு மீட்டர் உயர நீல வெள்ளை ஜாடிகளுக்கு அந்தப் படைப்பிரிவை வைத்தே "டிராகூன் ஜாடி" என்று பெயர். அவை சீனாவில் செய்தவை, மைசன் அல்ல.

பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். சாக்ஸனி கொட்டிக்கொடுத்த பணமெல்லாம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பொருளைத் தன் ஊரிலேயே செய்யத் தெரிந்தவர் ஐரோப்பாவில் அப்போதைக்கு இவர் ஒருவர்தான். நல்ல மாதிரிகள் கையில் இருந்தால்தான் ஆலையால் அவற்றைப் பார்த்துச் செய்ய முடியும். ஆசையும் கணக்கும் கலந்த வேலை அது. ஆசைதான் கொஞ்சம் அதிகம்.

ஐரோப்பாவுல செஞ்சதுன்னு சொல்றீங்க, படமெல்லாம் ஏன் சீனா, ஜப்பான் மாதிரியே இருக்கு?

வாங்குகிறவர்களுக்கு அதுதான் பீங்கான். 1720-ல் வியன்னாவிலிருந்து வந்த ஹெரோல்ட் என்ற ஓவியர் புதுப்புது வண்ணங்களை உருவாக்கி, அவர் கற்பனையில் இருந்த சீனாவை வரைந்தார்: தேநீர் குடிக்கும் பெரியவர்கள், குடை பிடித்த ஆட்கள். அவர் சீனாவைப் பார்த்ததே இல்லை. ஜப்பானின் காகியேமொன் பாணித் தட்டுகளை அப்படியே பார்த்து வரைவது இன்னொரு பக்கம் நடந்தது. புலி, மூங்கில், பறக்கும் நரி என்று வெள்ளைப் பரப்பு நிறைய விட்டு வரைந்த வகை அது.

அந்த நகல்கள் ஒரு மந்திரியையே கவிழ்த்தன. பாரிஸ் வியாபாரி லெமேர், கோமகன் ஹோய்ம் என்ற சாக்ஸனி மந்திரியின் தயவில், காகியேமொன் நகல்களை மைசனில் மொத்தமாகச் செய்ய வைத்தார். ஆலை முத்திரையைப் பளபளப்புப் பூச்சுக்கு மேலே, சுரண்டி எடுக்கும்படி போடச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. சுரண்டிவிட்டால் பாரிஸில் ஜப்பான் சரக்கு என்று ஜப்பான் விலைக்கு விற்கலாம் அல்லவா! 1731-ல் விஷயம் வெடித்து, ஹோய்ம் பதவி போய்ச் சிறைப்பட்டார். லெமேரை நாட்டைவிட்டு அனுப்பினார்கள்.

பின்னாடி ரெண்டு வாள் இருந்தா மைசன்தானே? அவ்வளவுதானே விஷயம்?

அவ்வளவு சுலபம் இல்லை. சாக்ஸனி அரச சின்னத்திலிருந்து எடுத்த குறுக்கு வாள் முத்திரை 1720களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. வழக்கமாகக் கோபால்ட் நீலத்தில் எழுதி, மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். அப்படிச் செய்தால் சுரண்ட முடியாது. லெமேர் விவகாரத்தில் பூச்சுக்கு மேலே கேட்டதன் சூட்சுமம் இப்போது புரியும். ஏழாண்டுப் போருக்குப் (1756–63) பிறகு கொஞ்ச காலம் வாளோடு ஒரு புள்ளி, 1774 முதல் ஒரு நட்சத்திரம் என்று முத்திரை மாறிக்கொண்டே வந்தது. வாளின் குறுக்கே கீறல் வெட்டியிருந்தால் ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கிய சரக்கு.

போலியும் அன்றே தொடங்கிவிட்டது. வேறு ஆலைகள் வாள் போலவே தோன்றும் கோடுகளைப் போட்டன. 19-ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டனிலேயே ஹெலேனா வுல்ஃப்சோன் என்பவரின் பட்டறை, அரசருக்கான பொருள்களில் மட்டும் இருந்த "ஏ.ஆர்." (அகஸ்டஸ் ரெக்ஸ், அதாவது அரசர் அகஸ்டஸ்) என்ற முத்திரையைப் போட்டு விற்றது. மைசன் வழக்குப் போட்டு நிறுத்தியது. இன்னொரு சிக்கல்: பாத்திரம் மைசனாக இருக்கும், ஓவியம் வெளியே வீட்டில் வைத்து வரைந்ததாக இருக்கும். வெள்ளைப் பாத்திரத்தை வாங்கி ஆக்ஸ்பர்க் போன்ற ஊர்களில் வரைந்து விற்றவர்கள் உண்டு. அவர்களில் சிலர் ஆலை ஓவியர்களைவிட நன்றாகவே வரைந்தார்கள். ஆகவே முத்திரை கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் உடம்பு, வடிவம், வண்ணம்.

அடியில ஒரு நம்பர் செதுக்கியிருக்கே, அது விலையா?

விலை இல்லை, அரண்மனைப் பதிவேட்டு எண். எல்பேயின் மறுகரையில் இருந்த ஜப்பானிய அரண்மனை என்ற கட்டடத்தை முழுக்கப் பீங்கானால் நிரப்ப அகஸ்டஸ் திட்டம் போட்டிருந்தார். 1721-ல் தொடங்கிய பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்ணும், எந்த வகை என்று காட்டும் எழுத்தோ குறியோ கொடுத்தார்கள். அதைப் பொருளிலேயே சக்கரத்தால் செதுக்கினார்கள் அல்லது கறுப்பில் எழுதினார்கள். 1733-ல் அவர் இறந்தபின் அரண்மனைத் திட்டம் பாதியில் நின்றது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

இந்த எண் உள்ள பொருள் லண்டனிலோ நியூயார்க்கிலோ கண்ணில் பட்டால் திருட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரே மாதிரி நிறைய இருக்கின்றன என்று 1919, 1920-ல் பெர்லினில் ஒரு பகுதியை ஏலம் விட்டார்கள். இப்போது அதை நினைத்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு, நானும்தான்.

அன்னத் தட்டு ரொம்ப பிரபலம்னாங்க. வெள்ளையா இருக்கே, இதுல என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் அந்தப் பெட்டியைத் தாண்டுவதில்லை. நான் அதிக நேரம் நிற்பதும் அங்கேதான். மைசன் ஆலையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த மந்திரி கோமகன் புரூலுக்காக 1737 முதல் 1741 வரை செய்த செட் அது. 100 பேர் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு 2,200-க்கும் மேற்பட்ட பொருள்கள். ஆலையிலிருந்து காசு கொடுக்காமல் பீங்கான் எடுத்துக்கொள்ளும் சலுகை அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை ஏன் அப்படி ஏறியது என்று தெரியும். செய்தவர் கேண்ட்லர் என்ற சிற்பி, துணைக்கு எபர்லைன்.

தட்டின் மேல் சாய்வாகப் பாருங்கள். சங்கின் வரிகள் மாதிரி விளிம்பை நோக்கி விரியும் மெல்லிய மேடுபள்ளம், நடுவில் நாணல், தண்ணீரில் இரண்டு அன்னம், கொக்குகள், மீன். எல்லாம் புடைப்பாக, ஒரு மயிரிழை உயரத்தில். வண்ணம் என்றால் விளிம்பில் சிதறிய சில பூக்கள், தங்கக்கோடு, புரூல், அவர் மனைவி இருவர் குடும்பத்துச் சின்னங்கள், அவ்வளவுதான். கேண்ட்லர் இதற்காக டிரெஸ்டன் அரச சேகரிப்புக்குப் போய்ச் சங்குகளையும் சிப்பிகளையும் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். சூப் பாத்திரங்களில் கடற்கன்னிகளும் அன்னங்களும் முழுச் சிற்பமாகவே எழுந்து நிற்கும்.

வெள்ளையாக விட்டதுதான் திமிர். வண்ணம் போட்டால் குறையை மறைக்கலாம். இங்கே மறைக்க ஒன்றுமே இல்லை, பார்த்துக்கொள் என்று காட்டுகிறார்கள். ஐரோப்பாவில் வேறு எவராலும் அன்று இந்த அளவில் இந்த வெண்மையைத் தர முடிந்திருக்காது.

பெரிய யானை, பறவை சிலையெல்லாம் செய்றவங்களுக்குத் தட்டு ஒரு விஷயமா?

தட்டுதான் கஷ்டம் என்றால் யாரும் நம்புவதில்லை. பீங்கான் சூளையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். 30 சென்டிமீட்டரில் வனைந்தது 25 சென்டிமீட்டராக வெளியே வரும். உச்சச் சூட்டில் அது பாதி இளகிய நிலையில் இருக்கும். கோப்பைக்குச் சுவர் தாங்கல். அகலமான தட்டுக்கு அடியில் உள்ள வளையம் மட்டும்தான் தாங்கல், அதைத் தாண்டி நீளும் விளிம்பு தொங்கத் துடிக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கினாலும் மேசையில் ஆடும். நூற்றுக்கணக்கான தட்டுகள் ஒரே அளவில், ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி வர வேண்டும்.

சிலைகளுக்கு வேறு தொல்லை. 1730களில் ஜப்பானிய அரண்மனைக்காகக் கிர்ஷ்னரும் கேண்ட்லரும் செய்த பெரிய வெள்ளை விலங்குகள் தனி அறையில் இருக்கின்றன. அவற்றின் உடம்பில் ஓடும் விரிசல்கள் போரில் வந்தவை அல்ல, சூளையில் வந்தவை. அப்படியே ஏற்றுக்கொண்டு அரண்மனைக்கு அனுப்பினார்கள். விருந்துத் தட்டில் அப்படி ஒரு விரிசல் இருந்தால் எந்த மந்திரியும் மேசையில் வைத்திருக்க மாட்டார்.

தட்டுல சம்பந்தமே இல்லாம ஒரு பூச்சி, ஒரு ஒத்தைப் பூ. ஏன்?

சில சமயம் அது அழகுக்கு. சில சமயம் அடியில் ஒரு கரும்புள்ளியோ சின்னக் குழியோ இருக்கும், ஓவியர் அதன்மேல் ஒரு வண்டை உட்கார வைத்துவிடுவார். மேலே சொன்ன "மறைப்பு" இதுதான். எல்லாப் பூச்சிக்கும் அடியில் குறை இருக்கும் என்று தேடவும் வேண்டாம். நாளடைவில் அதுவே பாணியாகிவிட்டது.

குண்டு போட்டு டிரெஸ்டனே எரிஞ்சுதே, இதெல்லாம் எப்படித் தப்பிச்சுது?

போர்க்காலத்தில் பெரும்பகுதியை ஊருக்கு வெளியே பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் ஸ்விங்கர் இடிந்தது, பீங்கானில் பெரும்பகுதி தப்பியது. பிறகு சோவியத் படையினர் சேகரிப்பை எடுத்துப் போனார்கள். 1958-ல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பத் தந்தார்கள். கட்டி எழுப்பிய ஸ்விங்கரில் 1962 முதல் காட்சிக்கு இருக்கிறது.

அன்னச் செட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புரூல் குடும்பத்தின் ஃபோர்ட்டன் மாளிகையில்தான் (இன்று போலந்தின் பிராடி) அது பெரும்பாலும் இருந்தது. போரின் கடைசியில் அங்கேயே நிறைய நொறுங்கியது, மீதி சிதறியது. அதனால்தான் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் ஆளுக்குச் சில அன்னத் தட்டுகள் இருக்கின்றன.

செவ்ர், போன் சைனான்னு வேற பேரெல்லாம் சொல்றாங்களே?

பிரான்ஸின் செவ்ர் ஆலை முதலில் செய்தது கயோலின் இல்லாத மென்பீங்கான். வண்ணம் பூச்சுக்குள் இறங்கி மென்மையாகத் தெரியும். 1768-ல் லிமோஜ் அருகே கயோலின் கிடைத்த பிறகுதான் வன்பீங்கானுக்கு வந்தார்கள். போன் சைனா இங்கிலாந்துக்காரர்கள் வேலை, கலவையில் ஏறத்தாழ பாதி மாட்டு எலும்புச் சாம்பல். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முகம் மாறும் இடம் இது. மைசன் தட்டில் எலும்பு கிடையாது.

காரைக்குடி பழம்பொருள் கடையில நீலப்பூ தட்டு வாங்கினேன், வாள் மாதிரி ஏதோ இருக்கு. லட்சக்கணக்குல போகுமா?

பெரும்பாலும் போகாது. செட்டிநாட்டு வீடுகளுக்கு ஐரோப்பாவிலிருந்து பீங்கானும் எனாமல் பாத்திரமும் வந்து இறங்கியது உண்மைதான். ஆனால் வந்ததில் அதிகம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டிலும் ஆலைகளில் மொத்தமாகச் செய்த சரக்கு. மாதுளை, பீச் பழங்கள் விளிம்பில் ஓடும் அந்த நீலக்கொடி வடிவத்தை மைசன் 1739 வாக்கில் வரைந்தது. பிறகு ஐரோப்பாவில் பல ஆலைகள் அதை நகலெடுத்தன. பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) டுபி ஊர் ஆலை 1885 முதல் செய்கிறது. தொல்லை தாங்காமல் 1888-ல் மைசன் ஒரு காரியம் செய்தது: தட்டின் முன்பக்கத்திலேயே, மூங்கில் தண்டின் அடியில் சின்னதாக வாளை வரையத் தொடங்கியது.

ஆகவே முன்பக்கம் மூங்கில் அடியைப் பாருங்கள். பின்னால் "ஜெர்மனி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அநேகமாக 1887-க்குப் பிந்தியது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது அந்த ஆண்டில்தான். தங்கக்கோடு உள்ள பழைய தட்டு எதுவானாலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். தங்கமும் மேல் வண்ணமும் பூச்சுக்கு மேலே குறைந்த சூட்டில் சுட்டவை, உரிந்துவிடும். மேல் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதில் புளிக்குழம்பு ஊற்றுவதும் வேண்டாம்.

எங்களுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. எதைப் பார்க்கணும்?

டிராகூன் ஜாடி, செம்பழுப்புக் கல்பாண்டம், அன்னத் தட்டு, வெள்ளை விலங்குகள். இந்த வரிசையில் போனால் கதையும் வரிசையாக வரும். மீதியை விட்டுவிடலாம். நேரம் கொஞ்சம் மிஞ்சினால் அதே வளாகத்தில் உள்ள கணித இயற்பியல் கூடத்துக்கு நடந்துபோங்கள், ஷிர்ன்ஹவுஸின் குவிலென்ஸ் அங்கே இருக்கிறது. ஸ்விங்கர் சீட்டு ஒன்றே இரண்டுக்கும் செல்லும். திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்கு வண்டி ஏறாதீர்கள்.